லாம்பர்ட்டின் எட்டு வருடம்

அன்புள்ள சார்,

நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கிறோம். என் மகனுக்கு 16 வயது. எட்டு வயதிலிருந்து ஒரு கால்பந்து கிளப்பின் அகாடமியில் ஆடிவந்தான். போன மாதம் கூப்பிட்டு, ஸ்காலர்ஷிப் (கிளப்பில் தொடர்ந்து பயிற்சி பெறும் ஒப்பந்தம்) கிடையாது, இத்துடன் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடப் பேச்சு. அன்று இரவே அவனை உட்காரவைத்து ரிக்கி லாம்பர்ட் பற்றிய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். லிவர்பூல் கைவிட்டும், பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை பார்த்தும், கடைசியில் இங்கிலாந்து அணிக்கே ஆடியவர். அவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். கீழ் லீக் கிளப்புகளின் ட்ரையலுக்கு (தேர்வு ஆட்டத்துக்கு) அனுப்பலாமா, ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) படிப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாமா? ஏஜென்ட் யாரையாவது பிடிக்க வேண்டுமா? கீழே இருந்தால் மேலே வர எத்தனை வருடம் பொறுக்கலாம்? நீங்கள் பிரிஸ்டலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் அதே லாம்பர்ட் வீடியோவை எனக்கும் ஒருவர் அனுப்பியிருந்தார். இது மூன்றாவது முறை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். பதினாறு வயதில் ஏஜென்ட் வேண்டாம், அந்தப் பேச்சையே விடுங்கள். படிப்பு நடக்கட்டும், ட்ரையலும் நடக்கட்டும். இரண்டில் ஒன்றை இன்றே வெட்ட வேண்டும் என்று யார் சொன்னது? அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசிக் கேள்விக்காக. 'கீழே இருந்தால் மேலே வர எத்தனை வருடம் பொறுக்கலாம்.' இந்த வரியை மூன்று நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

லாம்பர்ட் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். லிவர்பூலை ஒட்டிய கிர்க்பியில் பிறந்தார். பத்து வயதில் லிவர்பூல் அகாடமி, பதினைந்தில் வெளியே. பிறகு பிளாக்பூல், அங்கிருந்தும் வெளியே. மேக்கில்ஸ்ஃபீல்டில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டே, நாளுக்கு 20 பவுண்டுக்கு பீட்ரூட் ஜாடிகளுக்கு மூடி திருகும் வேலை. சரி. அடுத்த காட்சி என்ன? வெம்ப்ளி. 2013 ஆகஸ்ட் 14, ஸ்காட்லாந்துக்கு எதிராக 31 வயதில் முதல் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்றாவது நிமிடம், லெய்டன் பெய்ன்ஸ் அடித்த கார்னர், முதல் தொடுதலே தலையால் முட்டிய கோல், 3-2 வெற்றி. வீடியோ முடிந்தது. வயலின் வாசிக்கிறார்கள்.

நடுவில் எட்டு வருடம் எங்கே போனது, எஸ்.?

மூடி திருகியது சில மாதம். அதை விரித்து விரித்துச் சொல்கிறார்கள். 2001-லிருந்து 2009 வரை, பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தேழு வரை, அந்த மனிதன் மேக்கில்ஸ்ஃபீல்ட், ஸ்டாக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று நான்கு கிளப்புகளுக்கு 330-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். நூறு கோலுக்கு மேல் போட்டிருக்கிறார். பிறகு சவுதாம்ப்டனுக்காக ஐந்து சீசனில் அவர் போட்ட லீக் கோல்கள் 106. கிட்டத்தட்ட அதே அளவு கோல் அதற்கு முன்பே போட்டாயிற்று. அந்த நூறு கோலையும் 'பொறுத்திருந்த காலம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம்.

அவர் பொறுத்திருக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதை எப்படி அழுத்திச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு கோல் போடுவதுதான் வேலை. மேக்கில்ஸ்ஃபீல்டின் வலை வேறு நூல், வெம்ப்ளியின் வலை வேறு நூல் என்று இல்லை. கோலின் அகலம் எல்லா மைதானத்திலும் எட்டு கஜம்தான்.

அந்த ஊர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேக்கில்ஸ்ஃபீல்ட் பட்டு நெய்த ஊர், கிளப்புக்குப் பட்டுக்காரர்கள் என்றே பட்டப்பெயர். ஸ்டாக்போர்ட் தொப்பி செய்த ஊர், அவர்கள் தொப்பிக்காரர்கள். ரோச்டேல் பஞ்சாலை ஊர். 1844-இல் உழைப்பாளிகள் காசு சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்த ஊர். ஆலைகள் போய்விட்டன. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் மட்டும் மிச்சம். ரோச்டேல் 1974-லிருந்து 2010 வரை, 36 வருடம் தொடர்ந்து, இருக்கிற நான்கு டிவிஷனில் கடைசி டிவிஷனிலேயே இருந்தது. தாத்தா பார்த்ததும் அப்பா பார்த்ததும் பேரன் பார்த்ததும் அதே டிவிஷன்தான். அந்த ஜனங்கள் மேலே வருவதற்காகவா வாரா வாரம் காசு கொடுத்து உள்ளே போனார்கள்?

ரோச்டேலில்தான் லாம்பர்ட்டின் இடம் அமைந்தது. அதுவரை பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடியவர். ஸ்டாக்போர்ட் மூன்று லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, அங்கே நூறு ஆட்டத்துக்கு இருபது கோல்கூடத் தேறவில்லை. 2005 பிப்ரவரியில் ரோச்டேலுக்கு வந்தார். அடுத்த சீசனில் ஸ்ட்ரைக்கராக 22 லீக் கோல். அந்த சீசனின் முதல் பாதியில் அவருக்குப் பக்கத்தில் ஆடிய இன்னொரு ஸ்ட்ரைக்கர் யார் தெரியுமா? கிராண்ட் ஹோல்ட். கார்லைல் ஊர்க்காரர், டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வரை போய் செங்காங் மரைனுக்கு ஆடிவிட்டு வந்தவர். கடைசி டிவிஷனில் ஒரே அணியில் ஜோடியாக ஆடிய இந்த இருவரும் பிறகு பிரீமியர் லீக்கில் ஆளுக்கொரு சீசனில் 15 கோல் போட்டார்கள். 2011-12-இல் நார்விச்சுக்கு ஹோல்ட், 2012-13-இல் சவுதாம்ப்டனுக்கு லாம்பர்ட். இங்கிலாந்து அணி லாம்பர்ட்டைக் கூப்பிட்டது, ஹோல்ட்டைக் கூப்பிடவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். உங்கள் கணக்குப்படி ஹோல்ட் பொறுத்தது வீணா?

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். இயன் ஹெண்டர்சன். பையனாக நார்விச்சில் தொடங்கியவர், அங்கே நிலைக்கவில்லை. 2013-லிருந்து ஏழு வருடம் ரோச்டேலின் ஸ்ட்ரைக்கர், அந்த ஊருக்காக மட்டும் நூறு லீக் கோலுக்கு மேல். 2018 பிப்ரவரியில், பெரிய கிளப்பும் சின்னக் கிளப்பும் மோதிக்கொள்ளும் எஃப்.ஏ. கோப்பையில், பிரீமியர் லீக் கிளப்பான டாட்டன்ஹாம் ரோச்டேலுக்கு வந்து 2-2 என்று திரும்பிப் போனதே, அதில் முதல் கோல் இவருடையது. பிரீமியர் லீக்கில் தன் பேரைப் பரப்பிக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை. அவரைப் பற்றி யாரும் வயலின் வைத்து வீடியோ போடப்போவதில்லை. எனக்கு அவரும் லாம்பர்ட்டும் ஒரே தொழிலை ஒரே அக்கறையோடு செய்தவர்கள்.

என் சொந்த நினைவு ஒன்று. நான் பிரிஸ்டலில் ஹார்ஃபீல்ட் பக்கம் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ரோவர்ஸின் மெமோரியல் ஸ்டேடியம் நடக்கும் தூரம். அது முதலில் ரக்பிக்குக் கட்டியது, முதல் உலகப் போரில் செத்துப்போன ரக்பி ஆட்டக்காரர்களின் நினைவாக. 2008 பிப்ரவரி 16, சனிக்கிழமை, எஃப்.ஏ. கோப்பை ஐந்தாம் சுற்று. எதிரணி ஒரு டிவிஷன் மேலே இருந்த சவுதாம்ப்டன். பெரியவரின் மகனுக்குக் காய்ச்சல், அவன் டிக்கெட்டை என் கையில் திணித்துக் கூட்டிப்போனார்.

நின்று பார்க்கும் படிகள். குளிரில் கால்விரல்கள் மரத்துப்போய்விட்டன. ஆட்டம் முடியப்போகும் நேரம், 0-0, ரோவர்ஸுக்கு ஒரு ஃப்ரீ கிக். லாம்பர்ட் பந்தைக் கையில் எடுத்து, அதன் காற்றடைக்கும் துளை எந்தப் பக்கம் என்று பார்ப்பதுபோலத் திருப்பி வைத்தார். அவசரமே இல்லை. பெரிய உடம்பு, லேசாகக் கூன் போட்ட தோள். அடித்த பந்து யார் மேலேயோ பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. சுற்றிலும் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பெரியவர் குதிக்கவில்லை. கம்பளிக் கையுறை போட்ட கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த பிடி வலித்தது. பிறகு பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார், கை நடுங்கிப் பாதி என் ஷூ மேல் கொட்டியது. 'இன்றைக்கு அவன் பிறந்தநாள்,' என்றார். தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல.

அன்று லாம்பர்ட்டுக்கு 26. அடுத்த சீசனில் லீக்கில் 29 கோல் போட்டார். 2009 ஆகஸ்டில் சவுதாம்ப்டனே பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து அவரை வாங்கியது. அவர்கள் அப்போது மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னுக்கு இறங்கி, பத்துப் புள்ளி அபராதத்தோடு தொடங்கிய வருடம். பிறகு நடந்ததை எல்லா வீடியோவிலும் பார்க்கலாம்: இரண்டு முறை மேல் டிவிஷனுக்கு ஏறியது, சவுதாம்ப்டனுக்காக அடித்த 34 பெனால்ட்டியும் கோல், உலகக்கோப்பை, 32 வயதில் லிவர்பூலுக்கே திரும்பிப்போனது. லிவர்பூலில் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவார்கள். கனவுக் கிளப்பில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வருடமா பெரிது, என் மணிக்கட்டைப் பெரியவர் பிடித்த அந்த நிமிடமா? எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மைதானங்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்திருக்கட்டும். மேக்கில்ஸ்ஃபீல்ட் டவுன் கடனில் மூழ்கி 2020 செப்டம்பரில் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது. பிறகு வேறொருவர் வாங்கி, புதுப் பெயரில், கீழே இருந்து தொடங்கினார்கள். ரோச்டேல் 2023-இல் கடைசி டிவிஷனிலிருந்தும் இறங்கி, ஃபுட்பால் லீக்கை விட்டே வெளியேறியது. மேலே இருப்பவர்களைச் செய்து அனுப்பிய பட்டறைகள் இவை. இவற்றைப் படிக்கட்டு என்று மட்டும் நினைத்தால் இடிந்து விழும்போதுகூட நமக்குத் தெரியாது.

சரி, உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், கோபித்தாலும் பரவாயில்லை. எட்டு வயதிலிருந்து எட்டு வருடம், மழையிலும் இருட்டிலும் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போயிருப்பீர்கள். உங்கள் நெஞ்சும் உடைந்திருக்கும், அது தெரிகிறது. ஆனாலும் அந்த ராத்திரி நீங்கள் செய்தது தப்பு. பையன் தன் உலகம் முடிந்துபோய் வந்து நிற்கிறான். அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், 31 வயதில் வெம்ப்ளியில் கோல் போட்ட ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அவன் காதில் என்ன விழுந்திருக்கும்? 'நீ இன்னும் பதினைந்து வருடம் கடன்பட்டிருக்கிறாய்' என்றுதான். எழுந்து போகாமல் என்ன செய்வான்?

அப்புறம், உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். பெட்ரோல் செலவு இருக்கிறது, பூட்ஸ் பிராண்ட் இருக்கிறது, அகாடமி மேனேஜர் பேசிய தோரணை இருக்கிறது. உங்கள் மகன் களத்தில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று ஒரு வரி இல்லை. லெஃப்ட் பேக்கா, நடுவிலா, முன்னாலா? எந்தக் கால்? பந்து கிடைத்ததும் முதலில் யாரைத் தேடுவான்? லாம்பர்ட்டுக்குத் தன் இடம் எதுவென்று தெரியவே 23 வயது ஆயிற்று.

ரெடிங்கிலிருந்து விக்கம் பக்கம்தான், அந்த ஊர் கிளப்பின் மைதானமான ஆடம்ஸ் பார்க் மலையடிவாரத்தில் இருக்கிறது. அவன் வருகிறேன் என்று சொன்னால் மட்டும் ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள். வீடியோ எதுவும் போட வேண்டாம். ஆட்டத்தைப் பற்றி அவன் பேசினால் கேட்டுக்கொண்டு வாருங்கள், பேசாவிட்டால் பேசாமல் வண்டி ஓட்டுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்