எலிமென்டர் வேலைக்கு ஆள்: 8,000 கேட்பவரா, 60,000 கேட்பவரா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை, டவல் தயாரித்து மொத்த விற்பனை செய்கிறோம். மூன்று வருடம் முன்பு ஒரு தம்பி வேர்ட்பிரஸில் எலிமென்டர் வைத்து வலைத்தளம் போட்டுக் கொடுத்தார். இப்போது போனை எடுப்பதில்லை. 60 ரகங்களைப் படத்தோடு ஏற்ற வேண்டும், விலை விசாரிக்க ஒரு படிவம் வேண்டும், தமிழிலும் ஒரு பக்கம் வேண்டும். ஒருவர் 8,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 60,000 என்கிறார். இரண்டு பேருமே எலிமென்டர் எக்ஸ்பர்ட்டாம். எனக்கு கம்ப்யூட்டர் விஷயம் அவ்வளவாகத் தெரியாது. யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொன்ன ஒரே வேலையை அவர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எலிமென்டர், வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளோடு சேர்ந்து ஓடும் பக்கம் கட்டும் கருவி. 2016இல் வந்தது. கோடு (கம்ப்யூட்டர் நிரல்) எழுதத் தெரியாதவர்கூட பட்டன், படம் போன்ற ஆயத்த விட்ஜெட்டை இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டலாம். அதனால்தான் இவ்வளவு பரவியது. இதன் பக்கவிளைவு, பத்து நாள் யூடியூப் பார்த்தவரும் எக்ஸ்பர்ட், பத்து வருடம் பி.எச்.பி. என்ற நிரல் மொழியில் எழுதியவரும் எக்ஸ்பர்ட். அந்தப் பட்டத்தை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். உங்கள் 60 ரகங்களை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

60 ரகங்களை ஏற்ற இரண்டு வழி உண்டு. முதல் வழி: ஒரு ரகத்துக்குப் பக்கம் செய்து, அதை 60 தடவை காப்பி எடுத்து, படத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டே போவது. இதற்கு 8,000 நியாயமான கூலிதான். செய்து முடித்த அன்று பார்க்க அழகாகவும் இருக்கும். ஆறு மாதம் கழித்து, 'ஒவ்வொரு ரகத்துக்கும் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று போட்டுவிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது 60 பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

இரண்டாவது வழி: 'ரகம்' என்பதை வேர்ட்பிரஸில் தனிப் பதிவு வகையாகவே உருவாக்குவது. அதில் ரகப் பெயர், நூல் எண், ஜி.எஸ்.எம்., அளவு, படம் என்று கட்டங்கள் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எலிமென்டர் புரோவில் தீம் பில்டர் என்ற வசதியில் ஒரே ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்). 60 ரகமும் அதில் தானாக வந்து உட்காரும். பட்டியல் பக்கத்துக்கு லூப் கிரிட் என்ற விட்ஜெட் போதும். புதிய ரகம் வந்தால் உங்கள் ஆபீஸ் பையன் பில் போடுகிற மாதிரி '90-க்கு 108 அங்குலம்' என்று கட்டத்தில் அடித்து, படத்தை ஏற்றி, வெளியிட்டுவிடுவான். டெவலப்பரைத் தேட வேண்டியதில்லை.

ஆகவே இருவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்: "நாளைக்கு 61ஆவது ரகம் வந்தால் நான் என்ன செய்யணும்?" 'எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, நான் போட்டுடறேன்' என்றால் முதல் வழிக்காரர். கட்டங்களைப் பற்றிப் பேசினால் இரண்டாவது. இதை வைத்து 60,000 சொன்னவரே சரியான ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தேவைப்படாத வேலைகளையும் அவர் சேர்த்திருக்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். 'பழைய செக்‌ஷன்களை எல்லாம் கன்டெய்னராக மாற்ற' என்று ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கன்டெய்னர் எலிமென்டரின் புதிய கட்டுமான முறை, நல்லதுதான். புதிய பக்கங்களை அதில் கட்டட்டும். ஒழுங்காக ஓடுகிற பழைய பக்கத்தை அதற்காகவே பிரித்து மேய வேண்டிய அவசரம் இல்லை.

அடுத்து, இருவரையும் அவரவர் முன்பு செய்த தளம் ஒன்றை உள்ளே திறந்து, திரையைப் பகிர்ந்து காட்டச் சொல்லுங்கள். வெளித்தோற்றத்தை வைத்து எதுவும் தெரியாது. ரெடிமேட் டெம்ப்ளேட் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். "இந்தத் தளத்தில் இருக்கிற பச்சை பட்டன் எல்லாவற்றையும் நீலமாக்கிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள். தள அமைப்புகளுக்குள் போய், பொது நிறம் என்ற ஒரே இடத்தில் மாற்றி, தளம் முழுவதும் மாறிவிட்டால் கைதேர்ந்தவர். ஒவ்வொரு பட்டனாகக் கிளிக் செய்ய ஆரம்பித்தால், நீங்கள் பின்னால் கேட்கப்போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே கதைதான்.

அப்புறம் மொபைல். பலர் செய்யும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது, நானே செய்து சூடுபட்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு ஒரு பகுதி, போனுக்கு அதன் காப்பி ஒன்று. ஒன்றில் மற்றொன்று தெரியாதபடி மறைத்துவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இனிப்புக் கடைக்கு இப்படித்தான் விலைப்பட்டியல் செய்து கொடுத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர்களே விலையை ஏற்றினார்கள், கம்ப்யூட்டரில் தெரிந்த பகுதியில் மட்டும். போனில் பழைய விலையே நின்றது. மைசூர்பா கிலோவுக்கு 80 ரூபாய் வித்தியாசம். வந்தவர்கள் எல்லாம் போனை நீட்டிக் காட்டினார்கள். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு பழைய விலைக்கே கொடுத்தார், அன்று இரவு என்னிடம் வாயைத் திறந்தார். மறைத்து வைத்த பகுதியும் பக்கத்தோடு சேர்ந்தே போனுக்கு இறங்கும் என்பது கூடுதல் சுமை. எலிமென்டரில் ஸ்ட்ரக்சர் என்ற பட்டியலைத் திறக்கச் சொன்னால் ஒரே பகுதி இரண்டு தடவை நிற்பது நமக்கே தெரிந்துவிடும். பெட்டிக்குள் பெட்டியாக ஏழெட்டு அடுக்கு போயிருந்தாலும் அதிலேயே தெரியும்.

வேகத்துக்குக் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசமாக இருக்கிறது. அவர் செய்த தளத்தின் முகவரியைப் போட்டு, மொபைல் பக்கத்தைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. நூற்றுக்கு நூறு மார்க் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்காகத் தனிக் காசு கொடுக்காதீர்கள். உங்களைப் போன்ற துணி வியாபாரத் தளத்தில் பெரும்பாலும் மெதுவாக்குவது, கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 6 எம்.பி. படங்கள்தான்.

லைசென்ஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். எலிமென்டர் புரோ வருடச் சந்தா. 'அது என்னிடமே இருக்கு சார், தனியா வாங்க வேண்டாம்' என்று சொல்வார்கள். அவருடைய ஏஜென்சி லைசென்ஸாக இருந்தால், அவர் புதுப்பிக்காத அன்றே உங்களுக்கு அப்டேட் நின்றுபோகும். 'நல்டு' என்கிற திருட்டுப் பிரதியாக இருந்தால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்டேட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2023 மார்ச்சில் எலிமென்டர் புரோவிலேயே ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கூடவே வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடைப் பிளகின் ஓடிய தளங்கள் ஆபத்தில் இருந்தன. 3.11.7 பதிப்பில் சரிசெய்தார்கள். அதே ஆண்டு மே மாதம், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த எசென்ஷியல் ஆடான்ஸ் என்ற துணைப் பிளகினில், அட்மின் பாஸ்வேர்டையே வெளியாள் மாற்றிவிடக்கூடிய ஓட்டை. மூன்று வருடமாகக் கவனிக்க ஆளில்லாத உங்கள் தளம் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் புதியவரின் முதல் வேலையாக இருக்க வேண்டும். பேக்கப் எடுத்து, தளத்தின் நகல் ஒன்றில் அப்டேட் செய்து பார்த்துவிட்டு, பிறகு நிஜத் தளத்தில் கை வைக்கட்டும். லைசென்ஸை உங்கள் மெயில் முகவரியில் நீங்களே வாங்குங்கள்.

தமிழ்ப் பக்கத்தை இரண்டு பேருமே சின்ன வேலையாக நினைத்திருப்பார்கள். 'கான்டாக்ட்' என்பதற்கு அளவெடுத்த பட்டனில் 'தொடர்புகொள்ளுங்கள்' அடங்காது, இரண்டு வரியாக உடையும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல் வரி எழுத்தின் கீழே இறங்கும் பகுதியும் கீழ் வரி எழுத்தின் மேலே ஏறும் பகுதியும் இடிக்கும். எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு: டி.டி.பி. கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள், தளத்தில் ஏற்றினால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடித்து வாங்குங்கள்.

ஆளை முடிவு செய்வதற்கு முன் சின்ன வேலை ஒன்றைக் காசு கொடுத்தே செய்யச் சொல்லிப் பாருங்கள். மூன்று ரகம், ஒரு வார்ப்பு, விசாரணைப் படிவம், அது போதும். சொன்ன தேதிக்கு முடித்தாரா, படிவத்தில் அனுப்பியது உங்கள் மெயிலுக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். அவருக்குத் தனியாக அட்மின் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள், உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதும் அவசியம். காசு கொடுத்ததால் கோடு நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி சம்பளத்துக்கு வைத்த ஊழியர் எழுதியது பொதுவாக முதலாளிக்குச் சேரும். வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு வந்தவர் எழுதிய கோடு அவருடையதே. எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வெளிநாட்டுக்கும் அனுப்புகிற எண்ணம் இருந்தால் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை. உங்கள் டொமைனின் (வலைத்தள முகவரியின்) புதுப்பிப்பு பில் யாருடைய மெயிலுக்கு வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுக்கு வந்தால் நிம்மதி. இதுவரை ஒன்றுகூட வந்ததில்லை என்றால், டொமைன் அந்தத் தம்பியின் கணக்கில் இருக்கலாம். அவர் புதுப்பிக்க மறந்தால் 8,000-மும் இல்லை, 60,000-மும் இல்லை, தளமே இல்லை. போனை எடுக்காவிட்டால் ஆளை நேரில் போய்ப் பாருங்கள். பாக்கி ஏதாவது இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். மனக்குறையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.