'ஓ பாசிட்டிவ்' கார்டு, சேராத ரத்தம்

கேள்வி: என் மனைவிக்கு 38 வயது. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். கார்டில் 'ஓ பாசிட்டிவ்' என்று இருக்கிறது. ஆனால் ஐந்து ஓ பாசிட்டிவ் பைகளை அவருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தும் (கிராஸ் மேட்ச்) ஒன்றுகூடச் சேரவில்லை. 'பாம்பே குரூப்பாக இருக்கலாம்' என்கிறார்கள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். என்ன செய்வது?

பதில்: தியேட்டருக்குள் போகும் முன்பே தெரிந்தது நல்லதாயிற்று. கார்டு தவறாக இருக்கக் காரணம் உண்டு. சாதாரண லேபில் ரத்தத் துளியோடு ஆன்டி-ஏ, ஆன்டி-பி மருந்துகளைக் கலந்து பார்ப்பார்கள். இரண்டிலும் திரளாவிட்டால் 'ஓ' என்று எழுதிவிடுவார்கள். பாம்பே குரூப் என்ற அரிய ரத்த வகையும் அங்கே திரளாது.

வித்தியாசம் 'எச்' என்ற பொருளில் இருக்கிறது. ஓ குரூப் சிவப்பணுக்களில் அது நிறைய உண்டு. ஏ, பி இரண்டும் அதன் மேல்தான் உருவாகின்றன. பாம்பே குரூப்பில் எச் அறவே கிடையாது. அதனால் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில்) எச்-ஐத் தாக்கும் ஆன்டி-எச் என்ற ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) இருக்கும். அது உடல் வெப்பத்திலேயே வேலை செய்யும். தெரியாமல் ஓ ரத்தம் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே அணுக்கள் உடையும்; முதுகுவலி, கறுத்த சிறுநீர், பிறகு சிறுநீரகச் செயலிழப்பு.

இந்த வகையை 1952-இல் மும்பையில் பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். பெயர் வந்தது அப்படித்தான். பாட்டியா பிறகும் ரத்த வகை ஆராய்ச்சியிலேயே தொடர்ந்தார்.

ஆனால் சேரவில்லை என்பதாலேயே பாம்பே என்று முடிவு கட்டக்கூடாது. முன்பு ரத்தம் ஏற்றியதாலோ பிரசவத்தாலோ வந்த வேறு ஆன்டிபாடியும் இப்படிச் செய்யும். ரத்த வங்கியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அவருடைய சீரத்தில் ஓ அணுக்கள் திரள்கின்றனவா? அவருடைய சொந்த அணுக்கள் திரளாமல் இருக்கின்றனவா? எச் உள்ள அணுக்களைத் திரளவைக்கும் ஆன்டி-எச் லெக்டின் என்ற தாவரப் புரதத்தில் அவருடைய அணுக்கள் என்ன ஆகின்றன? சாதாரண ஓ என்றால் இந்தக் கடைசிச் சோதனையில் நன்றாகத் திரளும்; பாம்பே என்றால் துளி அப்படியே இருக்கும். முடிவைச் சொல்வது இதுதான். எச் மிகக் கொஞ்சமாக உள்ள பாரா-பாம்பே வகையும் உண்டு. சந்தேகம் வந்தால் பெரிய மையத்துக்கு மாதிரியை அனுப்புவார்கள்.

பாம்பே என்று உறுதியானால், பாம்பே ரத்தம்தான் அவருக்குச் சேரும்; அதனால் முதலில் அவருடன் பிறந்தவர்களைச் சோதியுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் நடக்கும் திருமணங்களில் இது கூடுதலாகத் தெரிவது இரு பக்கமும் ஒரே குறைபாட்டு மரபணு வருவதால்தான். உங்கள் பிள்ளைகளின் ரத்தம் பெரும்பாலும் பொருந்தாது.

கட்டி அவசரமில்லை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். அதிக உதிரப்போக்கு இருந்தால் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். இரும்பு ஊசி போட்டு ஏற்றுவதே முதல் வேலை. 11 கிராமுக்கு மேல் வந்தால் அவருடைய சொந்த ரத்தத்தையே 350 மி.லி. பையாக எடுத்து வைக்கலாம். ஒரு வாரம் விட்டு அடுத்த பை; கடைசிப் பை ஆபரேஷனுக்கு 72 மணி நேரத்துக்கு முன்பாவது எடுத்திருக்க வேண்டும். சாதாரணப் பை 35 நாள்தான் தாங்கும், தேதியைக் கணக்குப் பார்த்து எடுங்கள். மயக்க மருந்து நிபுணரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'பாம்பே' என்றும் ஆர்எச் வகையும் (பாசிட்டிவா, நெகட்டிவா என்பது) எழுதிய புதிய கார்டை வாங்கி அவருடைய கைப்பையில் வைக்கவும்.