வண்டிப்பெரியாறு அண்ணனுக்கு, மகளின் படிப்பு பற்றி

அண்ணே,

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு குமுளிக்கு வந்து, பிரச்சாரமும் உத்திசார் தகவல்தொடர்பும் பற்றி ஆய்வுப் படிப்பு படிக்க அவள் ஆசைப்படுவதைப் பேசிவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்களே, "பொய்யைப் பரப்புறதுக்கு எதுக்கு டீச்சர் டாக்டர் பட்டம்?" என்று. அவள் முகம் வாடிவிட்டது. அந்த இடத்தில் அவசரமாக ஏதாவது சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தாத்தா இந்த மலைக்கு வந்த கதையை நீங்களே சொன்னீர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, மலையில் நல்ல சம்பளம், நல்ல வீடு என்று ஆசை காட்டிக் கூட்டி வந்தார். இலங்கைக்குப் போனவர்களிடம் தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொன்னதாக அந்த மலையகத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை யார் கிளப்பினார்கள், யார் காசு கொடுத்துப் பேச வைத்தார்கள், கேட்டவர்கள் ஏன் நம்பினார்கள்? இதை ஆதாரத்தோடு தேடிக் கண்டுபிடிப்பதுதான் மகள் கேட்கிற படிப்பு.

பிரச்சாரத்தைக் குறிக்கும் 'புரோபகாண்டா' என்ற சொல்லே 1622-இல் ரோமில் கத்தோலிக்க மதத்தைப் பரப்ப அமைத்த சபையின் பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் நாடுகள் செய்த பிரச்சாரத்தை அமெரிக்க அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் ஆராய்ந்து 1927-இல் வெளியிட்ட பிறகு, இது பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வுப் பொருளாக வளர்ந்தது. உத்திசார் தகவல்தொடர்பு என்பது இன்னும் கொஞ்சம் அகலமானது. அரசோ, ராணுவமோ, நிறுவனமோ ஒரு நோக்கத்தை வைத்துக்கொண்டு யாரிடம், எப்போது, எந்தச் சொல்லில் பேசுவது என்று திட்டம் போடுவது. அதில் பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2018-இல் கோழிக்கோடு பக்கம் நிபா வந்தபோது வதந்திகளுக்கு எதிராகச் சுகாதாரத் துறை பேசியதும் இந்த வகைதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் மகளிடம் டெல்லியில் படித்த பிள்ளைக்கும் இல்லாத ஒரு கைமுதல் இருக்கிறது. 2011 கடைசியில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். டீக்கடை பெஞ்சில் மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒரே அணை. ஒன்றில் அணைக்குக் கீழே இருக்கிற லட்சக்கணக்கான உயிர்கள், இன்னொன்றில் ஐந்து மாவட்டத்து விவசாயம். "தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு" என்று கேரளம் வைத்த வாசகத்தைப் பாருங்கள். நான்கே சொல்லில் எதிராளிக்கும் ஒரு பங்கு கொடுத்து, தன் கோரிக்கையை மறுக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை. அது எப்போது, யார் வாய் வழியாகத் தேனி வீடுகளுக்குள் வந்தது என்று தேடினாலே ஒரு முனைவர் பட்ட ஆய்வு ஆகிவிடும். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று இரண்டு மொழித் தலைப்புகளும் எப்படி இருந்தன என்பது இன்னொன்று. இரண்டு மொழியையும் வீட்டுப் பேச்சாகக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டாம். இந்த எல்லையில் வளர்ந்ததை ஒரு குறையாக அவள் நினைக்கிறாள். அதை முதலில் மாற்ற வேண்டும்.

சரி, வழி என்ன? கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நாடு முழுக்க நடத்தும் நெட் தகுதித் தேர்வில் 'பிரச்சாரம்' என்று ஒரு பாடம் கிடையாது. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல், அரசியல் அறிவியல், பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வு, இந்த மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எம்.ஏ.வில் எடுக்கிற பாடமே பிறகு எந்தத் துறையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் முடிவு செய்யும். அவளுக்கு இதழியல் சரிப்படும் என்று நினைக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகம், கோழிக்கோடு பல்கலைக்கழகம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் விண்ணப்பம் போடட்டும். நெட் எழுத எம்.ஏ.வில் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, இடஒதுக்கீட்டுப் பிரிவு என்றால் 50. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுத் துறையில் இதற்கென்றே எம்.ஏ. இருக்கிறது என்று அவள் சொன்னது உண்மைதான். ஆனால் கடன் வாங்கி அங்கே அனுப்ப வேண்டாம். பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் போகலாம், அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள்.

நம் எல்லைப் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேரளத்து 'செட்' என்ற மாநிலத் தகுதித் தேர்வு ஹயர் செகண்டரி ஆசிரியர் வேலைக்கு. தமிழ்நாட்டு 'செட்' கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு, அதுவும் அந்த மாநிலத்துக்குள் மட்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் வருடம் வீணாகிறது. அவளுக்கு நெட்தான் குறி, இரண்டு பக்கமும் செல்லும். சாதிச் சான்றிதழையும் இப்போதே பாருங்கள். எஸ்டேட் பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். பழைய லயத்து (எஸ்டேட் குடியிருப்பு) காகிதம், தாத்தாவின் வேலைப் பதிவு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். நெட்டில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. ஜேஆர்எஃப்புக்குப் பெண்களுக்கு வயது வரம்பில் 5 வருடம் தளர்வு உண்டு, அதனால் கல்யாணப் பேச்சை வைத்து அவளை அவசரப்படுத்தாதீர்கள். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் நிரந்தர இடங்கள் குறைவு. பிஎச்.டி. முடித்துவிட்டும் கெஸ்ட் லெக்சரராக வருடக்கணக்கில் ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆகவே உண்மை சரிபார்ப்பு, பேரிடர்க் காலத் தகவல் பணி, ஆய்வு நிறுவன வேலை என்று இன்னொரு கால் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

கட்சிகளுக்குத் தேர்தல் பிரச்சாரம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இந்தப் பிள்ளைகளை உடனே எடுத்துக்கொள்ளும். ஆய்வு முடியும் முன் அங்கே போவதில் எனக்குச் சம்மதமில்லை. பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அவள் எதை வைத்து எழுதுவாள்? ஒரு பக்கத்து ஆள் என்று பெயர் வந்தபின், கேள்வி கேட்கப் போனால் மற்றப் பக்கத்தவர் வாய் திறப்பார்களா?

பிளஸ் டூவோடு கணக்கை விட்டுவிட்டாள், அது எனக்குக் கவலைதான். சதவீதம், இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா, தற்செயலா என்று பார்க்கும் கை-வர்க்க (chi-square) சோதனை, ஒரே செய்திகளை இரண்டு பேர் தனித்தனியாக வகை பிரித்தால் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளப்பது, இவ்வளவாவது வேண்டும். ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். இப்போதே ஒரு நோட்டுப் போடட்டும். தினமும் ஒரு செய்தி, இரண்டு மொழிப் பத்திரிகை. தேதி, எந்தப் பக்கம், தலைப்பில் என்ன வினைச்சொல், யார் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள், என்ன படம்.

இன்னொன்று உங்கள் வேலை, அண்ணே. உங்கள் அம்மாவுக்குக் கங்காணி சொன்ன வார்த்தைகள் இன்னும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னீர்கள். மகளை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சொல்கிறபடியே ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் வரும்போது அந்த நோட்டோடு அதையும் கொண்டு வரட்டும்.