கார்டுக்கு முன்னால் மானிட்டர்

கேள்வி: சில வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், தனி பவர் ஒயர் இல்லாத 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 22 அங்குல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பகலில் இதில்தான் ஆபீஸ் வேலை. ராத்திரி நண்பர்களோடு வேலரண்ட். லீவு நாளில் சைபர்பங்க் 2077 ஆட ஆசை, ஆனால் திணறுகிறது. கடையில் ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு ஒன்று 30,000, 27 அங்குல 1440பி மானிட்டர் இரண்டு 35,000 என்று கொடேஷன் தந்திருக்கிறார்கள். கையில் 45,000 இருக்கிறது. மீதிக்கு இஎம்ஐ போடலாமா?
– ஈரோட்டு வாசகர்

பதில்: இஎம்ஐ வேண்டாம். அந்தக் கொடேஷனில் உங்களுக்குத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது, கட்டாயம் வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தேவையில்லாதது இரண்டாவது மானிட்டர். விட்டுப்போனது எஸ்எம்பிஎஸ்.

கேம் ஓடுவது ஒரே திரையில்தான். பக்கத்துத் திரையில் டிஸ்கார்டும், பிரவுசரும், பகலில் எக்ஸலும் இருக்கப்போகின்றன. அதற்கு உங்கள் பழைய 22 அங்குலமே தாராளம். இரண்டும் ஜோடியாக ஒரே மாடலாக இருந்தால் மேஜை அழகாகத் தெரியும், உண்மைதான். அந்த அழகுக்கு 17,500 ரூபாய் என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது.

அடுத்து, அந்த ஒரு மானிட்டர் 1440பி ஆக இருக்க வேண்டுமா? 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது ஒவ்வொரு தடவை படம் மாறும்போதும், கார்டு வரைய வேண்டியது கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிறது. எழுத்து கூர்மையாகத் தெரியும், ஆபீஸ் வேலைக்கு இதம், அதை மறுக்கவில்லை. ஆனால் 5060 மாதிரி 8 ஜிபி கார்டை வைத்துக்கொண்டு சைபர்பங்க் மாதிரி கனமான கேமை 1440பியில் ஓட்ட ஆரம்பித்தால், செட்டிங்கைக் குறைத்துக் குறைத்தே பொழுது போய்விடும். உங்கள் பட்ஜெட்டுக்கு 24 அங்குல 1080பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான (நொடிக்கு அத்தனை தடவை படத்தை மாற்றும்) ஐபிஎஸ் வகை பேனல் போதும். சுமார் 10,000க்குள் பார்க்கலாம். 'அதே விலைக்கு 27 அங்குலம் தருகிறேன்' என்பார்கள். அதுவும் 1080பி என்றால் வாங்காதீர்கள். அதே புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்கியதுதான் அது. நாள் முழுக்க எழுத்தைப் பார்க்கிறவர் நீங்கள்.

இந்த மானிட்டரை முதலில் வாங்குங்கள், கார்டை அப்புறம் பார்ப்போம் என்கிறேன். காரணம் இருக்கிறது. வேலரண்ட் லேசான கேம். கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் உங்கள் 1650-லேயே நொடிக்கு 100 ஃபிரேமுக்கு மேல் வந்துகொண்டிருக்கும், கேமுக்குள்ளேயே அந்த எண்ணை ஆன் செய்து பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் படத்தை மாற்றும். மற்ற ஃபிரேம்களுக்குக் கார்டு உழைத்தும் அவை உங்கள் கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லிசெகண்டுக்கு ஒரு படம். வாரத்தில் ஐந்து ராத்திரி ஆடுகிற கேம், கார்டை மாற்றாமலே அன்றைக்கே வேறு மாதிரி ஆகிவிடும்.

மானிட்டர் பெட்டியில் '1 மில்லிசெகண்ட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். பின்னால் என்ன போர்ட் இருக்கிறது என்று பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட் கட்டாயம். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 1080பியில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஒயரைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. 3600 சிப்பில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அங்கே செருகினால் திரை கருப்பாகத்தான் இருக்கும். பிறகு விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்ற வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மூன்று வாரம் 60-லேயே ஓட்டிக்கொண்டு, 'என்ன ஸ்மூத், என்ன ஸ்மூத்' என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இனி எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நம்ப முடியாது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது அந்த லைனைத்தான். அங்கே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். பெயர்தான் 450. உங்கள் 1650 இதுவரை பிழைத்ததற்குக் காரணம், அது 75 வாட்டுக்குள் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதுதான். 5060-க்கு 145 வாட் வேண்டும், தனியாக 8 பின் ஒயரும் வேண்டும். பிராசஸர் முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். ஃபேன், டிஸ்க், மதர்போர்டு எல்லாம் சேர்த்தால் மொத்தம் 300 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று உள்ளது ஒன்று 4,500 ரூபாய் அளவில் போதும். 'கன்வெர்ட்டர் ஒயர் போட்டு 8 பின் ஆக்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டர் அந்தக் கரண்டைத் தாங்காமல் உருகிய கேஸ்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கம்ப்யூட்டருக்கு 600 விஏ யூபிஎஸ் இருக்கிறதா? அவை பெரும்பாலும் 360 வாட் வரைதான். புதிய கார்டு, இரண்டு மானிட்டர் எல்லாம் அதிலேயே மாட்டினால், கரண்ட் போகிற நேரத்தில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் பீப் அடித்துவிட்டு எல்லாமே அணைந்துபோகலாம். பழைய மானிட்டரையாவது யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்து நேரடி பிளக்குக்கு மாற்றுங்கள்.

கார்டு விஷயத்தில் கடைக்காரர் சொன்ன 5060 தப்பில்லை. ஒரே ஒரு குறை: அது மதர்போர்டோடு 8 லேனில், அதாவது 8 டேட்டா பாதையில்தான் வேலை செய்யும், உங்கள் பி450-யோ மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ், அதில் ஒவ்வொரு பாதையும் மெதுவானது. 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நிரம்பிவிட்டால் சாதாரண ராமுக்குப் போய் வருகிற பாதை குறுகலாக இருப்பதால் ஆட்டம் விக்கும். சைபர்பங்கில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கிவைத்தால் தப்பிக்கலாம். 1080பியில் நில்லுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்டெல் ஆர்க் பி580 கார்டை 12 ஜிபி என்று ஆசைகாட்டுவார்கள். புது பிராசஸரோடு அது நல்ல கார்டு, 3600 மாதிரி பழைய சிப்போடு சேர்த்தால் வேகம் கணிசமாக இறங்கும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதானால் நான் தேடுவது 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. 16 லேனும் உண்டு, உங்கள் போர்டுக்குப் பொருத்தம். அதே பெயரில் 8 ஜிபி ஒன்றும் இருக்கிறது, அது மெதுவானது, கேட்டு வாங்குங்கள். 170 வாட், மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ் தாங்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் தெரிந்தவர் வீடாக இருந்தாலும், கார்டை ஓடவிட்டு, ஜிபியு-இசட் மென்பொருளில் பெயரும் மெமரியும் சரியா என்று பார்த்து, அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓட்டிய பிறகே பணம். பழைய சிப்பை வேறு பெயரில் காட்டும் போலிகளை அந்த மென்பொருள் பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். ஜிடிஎக்ஸ் 1070, 1080 மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம். புதிய கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் அவற்றுக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது.

ஆக இந்த மாதம் மானிட்டரும் எஸ்எம்பிஎஸ்ஸும், சுமார் 14,500. மீதி 30,500-ஐ வைத்துக்கொண்டு நிதானமாகக் கார்டு தேடுங்கள். வாங்குமுன் கேபினட்டுக்குள் டேப் வைத்து நீளம் அளந்துகொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் கூண்டு இடித்துத் திரும்பக் கொண்டுபோனவர்கள் நிறைய.

பழைய 1650-ஐ எக்ஸ்சேஞ்சில் கடைக்காரர் கேட்கிற விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கேம் ஆட நினைக்கிற பிள்ளைகள், தனி பவர் ஒயர் கேட்காத கார்டாகத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நேரடியாக விற்றால் எஸ்எம்பிஎஸ் காசு அதிலேயே வந்துவிடக்கூடும்.