என் மாட்டை யார் அளந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் நாலு மா நிலமும் ஒரு பசுவும் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். போன வாரம் ஒரு டிவி விவாதத்தில், 2020-ல் இந்தியாவின் பசுமை இல்ல வாயு உமிழ்வு 7.93 சதவீதம் குறைந்ததாக அரசே ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுத்திருக்கிறது என்றார்கள். அதென்ன .93? நாடு முழுக்கப் புகையை நிறுத்துப் பார்த்தார்களா? அடுத்தவர், மொத்த உமிழ்வில் விவசாயத்தின் பங்கு 14 சதவீதம், அதில் பாதிக்கு மேல் மாட்டின் ஏப்பம் என்றார். என் பசுவின் வாயில் யாரும் குழாய் வைத்ததாக எனக்கு நினைவில்லை. டெல்லியில் உட்கார்ந்து போடும் உத்தேசக் கணக்குதானே இது? காரிலும் விமானத்திலும் போகிறவர்களை விட்டுவிட்டு எங்களைக் குற்றவாளி ஆக்கத்தானா?

அன்புடன்,
ரா., மன்னார்குடி

அன்புள்ள ரா.,

உங்கள் பசுவின் வாயில் யாரும் குழாய் வைக்கவில்லை. ஆனால் வேறு சில மாடுகளை ஆய்வுக்கூடத்தில் கட்டி, என்ன தின்கிறது, ஏப்பத்தில் எவ்வளவு மீத்தேன் (பூமியைச் சூடேற்றும் ஒரு வாயு) விடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். தீனியின் அளவையும் தரத்தையும் வைத்துக் கணக்கிடும் முறையும் உண்டு. அப்படி வந்த எண்கள்தான்: கறக்கும் நாட்டு மாடு வருடத்துக்கு 28 கிலோ மீத்தேன், கலப்பினம் 43, எருமை 50. இவற்றை மாட்டுக் கணக்கெடுப்போடு பெருக்க வேண்டியதுதான். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடியே 25 லட்சம் மாடுகள், கிட்டத்தட்ட 11 கோடி எருமைகள். வயதுக்கும் வகைக்கும் தக்கபடி எண் மாறும். உங்கள் பசுவும் அந்தப் பத்தொன்பது கோடியில் ஒரு தலை.

எல்லாத் துறைக்கும் இதே வழிதான். எவ்வளவு எரித்தோம், எவ்வளவு விளைத்தோம் என்பது ஒரு எண். ஒவ்வொரு டன்னுக்கும் எவ்வளவு வாயு என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கு. அனல்மின் நிலையத்துக்குப் போன நிலக்கரிக்கு ரசீது இருக்கிறது. அது தரும் வெப்பமும் அதிலுள்ள கரியும் (கார்பன்) தெரிந்தால் புகையை நிறுக்கவே வேண்டாம். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. நாட்டுச் சராசரி எண்களைப் போட்டால் அதில் ஒரு டன் எரிக்கும்போது ஏறக்குறைய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. சாதாரண நிலக்கரி ஒரு டன்னுக்கு 1.9 டன். போட்டதைவிட வந்தது எப்படி அதிகம் என்று கேட்பீர்கள், வாத்தியார் ஆயிற்றே. 12 கிராம் கரி காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராமாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் பழுப்பு நிலக்கரி நல்லதா என்றால் இல்லை. அதில் பாதி ஈரம். ஒரே அளவு வெப்பத்துக்கு அதை இரண்டு மடங்கு எரிக்க வேண்டும், முடிவில் புகையும் கொஞ்சம் கூடுதல்தான்.

அப்புறம் உங்கள் உத்தேசக் கணக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகம், அதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்திய நெல்வயல்கள் வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாகக் கணக்குப் போட்டது. அளவெடுத்த வயல்களோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தவை. அந்த எண்ணை நம் ஏக்கர்களோடு பெருக்கிவிட்டார்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நம் விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கி, பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியில் எடுத்து அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு!

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீத்தேன் உண்டாக வயலில் தண்ணீர் தேங்கி, சேற்றுக்குள் காற்றுப் போகாமல் இருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பகுதி நெல் மானாவாரியிலும், விட்டுவிட்டுத் தண்ணீர் காணும் நிலத்திலும் விளைகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறையும் என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். ஆனால் டெல்டாவில் முறைத் தண்ணீர் வந்தபோது வயலை நிரப்பிக்கொள்ளாமல் எவன் காய விடுவான்? மண்டபத்தில் உட்கார்ந்து அறிவுரை சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

மாட்டுக்கும் இதே கதைதான். ஐ.நா.வின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டியில் வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு வருடத்துக்கு 128 கிலோ மீத்தேன். நம் துணைக்கண்டத்து மாட்டுக்கு, சொந்த ஆய்வு இல்லாத நாடுகள் எடுத்துக்கொள்ள வேண்டிய எண் 58. நம் ஆய்வுக்கூடங்கள் அளந்து சொன்னதோ 28, 43. வைக்கோலும் கரும்புத்தோகையும் தின்று நாலு லிட்டர் கறக்கும் மாடும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் முப்பது லிட்டர் கறக்கும் மாடும் ஒரே ஏப்பம் விடுமா? ஆக, டெல்லியில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று நீங்கள் கோபப்படுகிறீர்களே, அவர்கள் போட்டிருக்காவிட்டால் வாஷிங்டனில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் நமக்கு மிஞ்சியிருக்கும்.

சரி, நம் ஆட்கள் நமக்குச் சாதகமாகக் குறைத்து எழுதியிருந்தால்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அனிதா கணேசன் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு அதைத் தீர்த்தது. அவர்கள் மாட்டையும் வயலையும் எண்ணவே இல்லை. செயற்கைக்கோளும் விமானமும் தரை நிலையங்களும் காற்றில் அளந்த மீத்தேனிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2010 முதல் 2015 வரை இந்தியா வருடத்துக்கு சுமார் 2.2 கோடி டன் மீத்தேன் விட்டிருக்கிறது என்று வந்தது. நாம் ஐ.நா.வுக்குச் சொன்னதோடு அது ஒத்துப்போனது. ஐரோப்பிய உலகத் தரவுத்தளம் ஒன்று போட்டிருந்த மதிப்பீடுதான் அதிகமாக இருந்தது.

இனி அந்த 7.93. இதில்தான் டிவிக்காரர் கோட்டை விட்டார். 2024 டிசம்பர் கடைசியில் கொடுத்த அறிக்கைப்படி 2020-ல் நாடு வெளியிட்டது 295.9 கோடி டன், எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றிச் சொன்னால். முந்தைய 2019-ல் 313.2 கோடி டன். குறைவு ஐந்தரை சதவீதம். அப்படியானால் 7.93 எங்கிருந்து வந்தது? காடும் மரமும் மண்ணும் உறிஞ்சியதைக் கழித்த நிகர எண்ணிலிருந்து. 2019-ல் நிகரம் 264.7 கோடி, 2020-ல் 243.7 கோடி. குறைந்த 21 கோடி டன்னில் 17 கோடி சொச்சம் புகை குறைந்ததால் வந்தது, மீதி நாலு கோடிக்குச் சற்றுக் குறைவாக மரம் கூடுதலாக உறிஞ்சியதாக எழுதியதால் வந்தது. அந்த வருடம் ஊரடங்கு என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆலை, பஸ், ரயில் எல்லாம் நின்றால் குறையாமல் என்ன செய்யும்.

மர வரவு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் எதைக் காட்டுப்பரப்பு என்கிறது தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழலும் இருந்தால் போதும், நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் அதில் வரும். தோப்புக்காரரிடம் போய் உங்கள் காடு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

துறைவாரிச் சதவீதங்களுக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் பேச ஆசை இதைப் பற்றித்தான். நான் ஒரு காலத்தில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதியவன். ஒரு வருடம் மேலாளர் ஜெனரேட்டர் டீசல் செலவை உற்பத்தித் தலைப்பிலிருந்து எடுத்துப் பராமரிப்புத் தலைப்பில் போடச் சொன்னார். வருடக் கடைசியில் உற்பத்திச் செலவைக் குறைத்த சாதனைக்காக அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். டீசல் என்னவோ முன்போலவே எரிந்துகொண்டிருந்தது.

2007-க்கான தேசிய உமிழ்வுக் கணக்கில் எரிசக்தித் துறையின் பங்கு 58 சதவீதம், தொழில்துறை 22. 2016-க்கான கணக்கில் எரிசக்தி 75, தொழில்துறை 8. ஒன்பது வருடத்தில் பாதி ஆலைகளை மூடிவிட்டோமா என்ன? சூளையிலும் உலையிலும் எரிந்த நிலக்கரியை 2007-ல் தொழில்துறைத் தலைப்பில் எழுதினார்கள், பிறகு அதை எரிசக்திக்கு மாற்றினார்கள். எரிபொருளை எங்கே எரித்தாலும் எரிசக்தியில் எழுது என்பதுதான் சர்வதேச முறை. இதில் யாரும் சால்வை வாங்கவில்லை. ஆனால் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தலையங்கம் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரியலூரில் உற்பத்தியாகும் ஒரு சிமென்ட் மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை விடும். அது தொழில்துறைக் கணக்கு. சூளையில் எரித்த நிலக்கரியின் புகை எரிசக்தித் துறையில், ஆலை எரிபொருள் தலைப்பின் கீழ். அரைவை எந்திரம் மின்வாரியத்திடம் வாங்கிய மின்சாரத்தில் ஓடினால், அந்தப் புகை அனல்மின் நிலையத்தின் தலையில். மூட்டையை ஏற்றிவந்த லாரி போக்குவரத்தில். ஒரே மூட்டை, நாலு இடத்தில் பற்று. இதில் நீங்கள் “சிமென்டின் பங்கு எவ்வளவு?” என்று கேட்டால், எந்த நாலு பக்கத்தைப் புரட்டுவது என்று எதிர்க்கேள்விதான் வரும்.

உங்கள் 14 சதவீதத்திலும் இதேதான். உங்கள் பம்ப்செட்டுக்கு வரும் இலவச மின்சாரம் அதில் இல்லை, மின்சாரக் கணக்கில் இருக்கிறது. டிராக்டர் டீசலும் யூரியா ஆலையும் அதில் இல்லை. யூரியாவை வயலில் போட்ட பிறகு மண் விடும் நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் விவசாயத்தில். வீட்டில் எரிக்கும் விறகின் கார்பன் டை ஆக்சைடை எரிசக்தியில் சேர்க்க மாட்டார்கள். மரம் வெட்டியதை நிலக் கணக்கில் பார்த்துக்கொள்வார்கள். குப்பையும் சாக்கடையும் மூன்று சதவீதத்துக்கும் கீழே, அதை விட்டுவிடலாம்.

விமானத்தைக் கேட்டீர்கள். அதில் உங்கள் கோபம் சரிதான். சென்னையிலிருந்து துபாய்க்குப் பறக்கும் விமானத்தில் நிரப்பிய எரிபொருள் எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் வராது. சர்வதேசப் போக்குவரத்து என்று தனியாகக் குறித்து வைப்பார்கள், கப்பலுக்கும் அப்படியே. உங்கள் மாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்த விவாதத்தில் இதுவும் வரும். மீத்தேனை கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக்க ஒரு பெருக்கு எண் இருக்கிறது. நம் பழைய அறிக்கைகளில் அது 21. பாரிஸ் ஒப்பந்தத்தின் புதிய அறிக்கை முறையில் 28. 2007-ல் மாடு, எருமை, ஆடு எல்லாம் சேர்ந்து ஏப்பத்தில் விட்டதாக எழுதிய மீத்தேன் 1 கோடியே 1 லட்சம் டன். 21-ஆல் பெருக்கினால் 21 கோடி டன், 28-ஆல் பெருக்கினால் 28 கோடி. ஒரு மாடுகூடக் கூடாமல் ஏழு கோடி டன் ஏறும். நூறு வருடத்துக்குச் சராசரி பார்ப்பதால்தான் இந்த எண். இருபது வருடத்துக்குப் பார்த்தால் 80-ஐத் தாண்டும், ஏனென்றால் மீத்தேன் காற்றில் ஒரு பன்னிரண்டு வருடம்தான் இருக்கும், இருக்கிறவரைக்கும் கடுமையாகச் சூடேற்றும். எத்தனை வருடத்துக்குப் பார்ப்பது என்பது விஞ்ஞானம் மட்டும் தீர்மானித்த விஷயம் இல்லை, பேச்சுவார்த்தை மேஜையில் ஒப்புக்கொண்டது.

உங்கள் பசு நாட்டு மாடா, கலப்பினமா என்று நீங்கள் எழுதவில்லை. புங்கனூர், உம்பளச்சேரி மாதிரி நாட்டு இனம் என்றால் 28-ல் இருக்கிறீர்கள். ஜெர்சிக் கலப்பு என்றால் 43.

அன்புடன்.