முள் நடுவில் நிற்கிறது, கூலண்ட் குறைகிறது: பழைய பி.எம்.டபிள்யூவில் முதல் வேலை எது?

கேள்வி: 2003-ல் தயாரான பி.எம்.டபிள்யூ 325ஐ (இ46 வகை, ஆறு சிலிண்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக்) ஒன்றை அண்மையில் வாங்கினேன். இதுவரை ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. வெப்ப முள்ளும் நடுவை விட்டு அசைவதில்லை. வண்டியை நிறுத்தினால் எண்ணெய் கருகும் வாடை. எஞ்சின் விளக்கும் எரிகிறது. பி0171, பி0174 என்று இரண்டு பிழை எண்கள். ஆக்சிஜன் சென்சார்களை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எனக்கு ஓரளவு கைவேலை தெரியும், கருவிகளும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யக் கையில் பணம் இல்லை. எதில் தொடங்குவது? கம்பெனி பெட்டியில் வரும் பாகம்தான் போட வேண்டுமா?

பதில்: சென்சார்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கூலண்டில் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன குறைகளில் எஞ்சினையே கொல்லக்கூடியது அது ஒன்றுதான். மற்றவை தொல்லை தரும், செலவு வைக்கும்; ஆனால் சில வாரங்கள் காத்திருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது எம்54 எஞ்சின். டைமிங் செயின் உள்ளது, டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளையுமோ என்ற பயமில்லை. உலோகப் பகுதி உழைப்பாளி. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் கிழடு தட்டும். அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு தெரியாது; எத்தனை வருடம், எத்தனை முறை சூடேறி ஆறியது என்பதுதான் கணக்கு. அதனால் "குறைவாக ஓடியது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் இருபது வயது வண்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். அதில் எல்லா ஹோஸும் தொழிற்சாலையில் போட்டதாகவே இருக்கும்.

முதலில் அந்த முள்ளை நம்புவதை நிறுத்துங்கள். இந்த வண்டியின் வெப்ப முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 110 டிகிரியைத் தாண்டும் வரை அதை நடுவிலேயே நிறுத்தி வைக்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகக் கலங்கக் கூடாதென்று. அது நகரத் தொடங்கும்போது உங்களிடம் மிச்சமிருப்பது மிகக் குறைந்த நேரம். சாதாரண ஓ.பி.டி. ரீடர் (வண்டிக் கணினியின் எண்களைப் படிக்கும் சிறு கருவி) ஒன்றைச் செருகி, கூலண்ட் வெப்பத்தை எண்ணாகப் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். இந்த எஞ்சினின் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) கணினி கட்டுப்படுத்துவது. 97 டிகிரி அளவில் திறக்கும் வகை. அதனால் தொண்ணூறுகளில் நின்றால் பதற வேண்டாம். நெடுஞ்சாலையில் 80-க்குக் கீழே இறங்கிப்போனால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று பொருள். 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிவிட்டால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும். ஹெட் போல்ட்டுகள் பிடித்திருக்கும் மரைகளே அலுமினிய பிளாக்கிலிருந்து பெயர்ந்து வரும். அதன்பின் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றினாலும் நிற்காது.

தரையில் சொட்டு இல்லாததற்கும் காரணம் உண்டு. ரேடியேட்டரின் பக்கத்தில் நிற்கும் பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்கின் (கூலண்ட் ஊற்றும் தொட்டி) ஒட்டுத் தையலில் மயிரிழை விரிசல் விழும். குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொள்ளும். சூடேறி உள்ளே அழுத்தம் கூடியதும் வாய் திறந்து கசியும். கசிந்தது சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும். மிஞ்சுவது வெள்ளையாகவோ நீலமாகவோ ஒரு உலர்ந்த படிவு. டார்ச் அடித்து டேங்கின் தையல், அடியிலுள்ள சென்சார், மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் இடம், தெர்மோஸ்டாட் கூட்டின் விளிம்பு ஆகியவற்றில் அந்தப் படிவைத் தேடுங்கள். உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்பதால் டேங்குக்குக் கீழே கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் சின்ன இணைப்பும் இருக்கும், அங்கேயும் பாருங்கள். டேங்கின் மேலேயே அதன் வயது எழுதியிருக்கும்: சிறு வட்டம், நடுவில் ஆண்டு, சுற்றிலும் மாதங்கள், ஒரு அம்புக்குறி. அதில் 02 அல்லது 03 என்றிருந்தால் விரிசல் தெரிகிறதோ இல்லையோ, அதன் காலம் முடிந்தது.

கண்ணுக்குப் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர் இரவல் வாங்குங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் டேங்க் மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் அச்சிட்ட அழுத்தத்தைத் தாண்டாமல் பம்ப் செய்து அரைமணி விட்டுவைத்தால் டெஸ்டரின் முள் இறங்குகிறதா, எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். அதிலும் பிடிபடாவிட்டால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் ஒரு எளிய சோதனை உண்டு. டேங்கின் வாயில் நீலத் திரவமுள்ள குழாயை வைத்து ஆவியை இழுப்பார்கள். எஞ்சினில் எரிந்த புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். எண்ணெய் மூடியின் அடியில் பாலாடை போல் ஏதாவது ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் உறைந்தும் அப்படி வரும்.

இன்னொன்று, நீங்கள் எதுவரை ஊற்றுகிறீர்கள்? எஞ்சின் ஆறியிருக்கும்போது டேங்குக்குள் மிதவைக் குச்சியின் இரண்டு குறிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். கழுத்து வரை நிரப்பினால் விரிவடைய இடமில்லாமல் அதிகப்படியை மூடி வழியாகத் துப்பிவிடும். அதையும் "குறைகிறது" என்று நினைத்து மறுபடி ஊற்றுபவர்கள் பலர்.

டேங்க் மட்டும் போயிருந்தாலும் டேங்கை மட்டும் மாற்றாதீர்கள். ஒன்று புதிதானால் அழுத்தம் முழுமையாக நிற்கும். அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும். டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அதைச் சுழற்றும் வெளிப் பெல்ட், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளைகள், காற்று வெளியேற்றும் பிளாஸ்டிக் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். கூலண்டை வடித்து முன்பகுதியைக் கழற்றும் உழைப்பு ஒன்றுதானே. ரேடியேட்டரும் தொழிற்சாலைக் காலத்தது என்றால், முடிந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள். உங்கள் பணத்தில் பெரிய பங்கு இங்கேதான் போக வேண்டும்.

கைவேலையில் நான்கு விஷயம். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. வாட்டர் பம்பை நெம்பிக் கழற்றாதீர்கள். அதன் விளிம்பில் இரண்டு மரைத்துளைகள் இருக்கும், அவற்றில் எம்6 (6 மி.மீ.) போல்ட்டுகளை மாறிமாறி முறுக்கினால் பம்ப் தானே வெளியே வரும். திரும்ப மாட்டும்போது எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கைப்பழக்கத்தில் இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த எஞ்சினைத் தொட வேண்டாம். ஹோஸ்களைப் பிடித்திருப்பது கம்பி கிளிப். கிளிப்பை வெளியே இழுத்து, ஹோஸை முதலில் உள்ளே தள்ளி, பிறகு இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தி நெம்பினால் புது ரேடியேட்டரின் கழுத்தே உடையும்.

நிரப்பும்போது நீல நிற பி.எம்.டபிள்யூ கூலண்ட் அல்லது ஜி48 தரம் என்று எழுதியதை வாங்கி, காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்; யார் வேண்டுமானாலும் நீலச் சாயம் கலக்கலாம். சாவியை இக்னிஷனில் வைத்து, ஹீட்டர் வெப்பத்தை உச்சத்திலும் ஃபேனைக் குறைவிலும் வையுங்கள். எஞ்சின் ஓடக் கூடாது. காற்று ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று திரவம் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே காற்று தங்கி, மாற்றிய பாகமெல்லாம் புதிதாக இருந்தும் வெப்பம் ஏறும்.

இனி அந்த இரண்டு பிழை எண்கள். பி0171-ம் பி0174-ம் சொல்வது ஒன்றே: எஞ்சினின் இரண்டு பாதியிலும் (முன் மூன்று சிலிண்டர், பின் மூன்று சிலிண்டர்) காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இரு பாதியின் ஆக்சிஜன் சென்சார்களும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கெட்டுப்போவது அரிது. அவை உண்மையைத்தான் சொல்கின்றன. சேதி கொண்டுவந்தவனைத் தண்டிக்க வேண்டாம். காற்றளவு சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ ஓட்டை வழியாக எஞ்சின் அளக்கப்படாத காற்றைக் குடிக்கிறது. முதல் குற்றவாளி, அந்தச் சென்சாருக்கும் திராட்டிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய். மடிப்புகளின் அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றி வளைத்துப் பாருங்கள். ரீடரில் ஃப்யூயல் ட்ரிம் எண்களையும் (கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்பது) பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) அதிகமாக இருந்து, ஆர்.பி.எம்.மை ஏற்றினால் சரியாகிறது என்றால் காற்றுக் கசிவு. வேகமும் பாரமும் கூடக்கூட மோசமாகிறது என்றால் காற்றளவு சென்சாரோ பெட்ரோல் அழுத்தமோ காரணம். கசிவைக் கண்டுபிடிக்க ஒருமுறை ஸ்மோக் டெஸ்ட் (உள்ளே புகையைச் செலுத்தி எங்கே வெளியே வருகிறதென்று பார்ப்பது) செய்வதற்கு ஆகும் செலவு ஒரு ஆக்சிஜன் சென்சாரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

எண்ணெய் வாடைக்கும் இதற்கும் உறவு இருக்கலாம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பகுதி) ஆவியை இழுக்கும் சி.சி.வி. வால்வு இருக்கிறது. அதன் உள்ளே உள்ள சவ்வு கிழிந்தால் அளக்கப்படாத காற்றும் எண்ணெயும் இன்டேக்குக்குள் போகும்; அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் கூடி வால்வு கவர் கேஸ்கெட் வழியாக எண்ணெயைத் தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். எஞ்சின் மூடியை உள்ளே பலமாக இழுத்துப் பிடித்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, புகை பொங்கி வந்தால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். இதைச் சரிசெய்யாமல் வால்வு கவர் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அது மறுபடி கசியும். கருகும் வாடைக்கு நேர்க் காரணம் பெரும்பாலும் அந்தக் கேஸ்கெட்தான். சொட்டு விழுவது சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல். மாற்றும்போது ஸ்பார்க் பிளக் குழிகளுக்கான உள் கேஸ்கெட்டுகளையும் மாற்றுங்கள். எஞ்சினின் முன்புறம் எண்ணெய் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட் கசிகிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணெய் நேராகப் பெல்ட்டின் மேல் விழும், புதுப் பெல்ட்டும் ஊறிக் கெடும். முன்பகுதி கழன்றிருக்கும்போதே அதை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பாகம் வாங்குவது பற்றி. பி.எம்.டபிள்யூ தெர்மோஸ்டாட்டோ ஷாக் அப்சார்பரோ தானே செய்வதில்லை. பெஹ்ர் (இப்போது மாலேயின் அங்கம்), சாக்ஸ், லெம்ஃபோர்டர், போஷ், மாலே போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. அதே நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் பெரும்பாலும் அதே பொருள், விலை குறைவு. சில சமயம் பாகத்தில் பி.எம்.டபிள்யூ முத்திரையை அரத்தால் தேய்த்து அழித்த இடமே தெரியும். பெட்டியில் ஜெர்மன் பெயர் இருப்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. சில நிறுவனங்கள் யாரோ செய்ததை வாங்கித் தம் பெட்டியில் போட்டு விற்கின்றன. என் கணக்கு இதுதான்: அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக்கிலும் மின் சென்சார்களிலும் மலிவு பார்க்க மாட்டேன். ஏர் ஃபில்டருக்கும் வைப்பருக்கும் கம்பெனி விலை கொடுக்கவும் மாட்டேன். வாட்டர் பம்புக்கு உலோக இம்பெல்லர் (உள்ளே சுழலும் இறகுச் சக்கரம்) உள்ளதைக் கேளுங்கள். எதை ஆர்டர் செய்தாலும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்துப் பாக எண்ணை உறுதி செய்யுங்கள். ஒரே ஆண்டிலேயே மாதத்துக்கு மாதம் பாகம் மாறியிருக்கும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் "ஆயுளுக்கும் போதும்" என்று பி.எம்.டபிள்யூ சொன்னதை நம்பியிருந்தால் இத்தனை வருடமும் அதே எண்ணெய்தான் உள்ளே இருக்கும். பி.எம்.டபிள்யூவுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கூலண்ட் வேலை முடிந்தபின் அடுத்த பணம் வரும்போது செய்யலாம். நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முன்சக்கர கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் இணைப்புகள்) அதற்குப் பிறகு போதும், ஸ்டீயரிங் ஆடத் தொடங்காதவரை.

ஆனால் இதில் எதற்கும் பணம் கொடுக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் அச்சுச் சட்டம் பாடியோடு சேரும் நான்கு இடங்களையும் துடைத்துப் பாருங்கள். இ46-ல் அங்கே தரைத்தகட்டில் விரிசல் விழுவது தெரிந்த வியாதி. வண்டியைக் கிளப்பும்போதும் கியர் மாறும்போதும் பின்னால் "டொக்" என்று கேட்டால் கட்டாயம் பாருங்கள். சின்ன விரிசலை ஓட்டைபோட்டு நிறுத்தி, தகடு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்தலாம். தகடு கிழிந்தே போயிருந்தால், முதலில் அந்த வேலைக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு வாட்டர் பம்பை ஆர்டர் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.