நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்: முதலில் பி.ஏ. பொருளியல், பிறகு சட்டம்

திருமங்கலத்துப் பெற்றோர் ஒருவரின் கவலை இது. மகள் பிளஸ் டூவில் வணிகவியல் குரூப். பிரான்ஸின் போட்டி ஆணையத்தில் (சந்தையில் வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு), சட்டத் தொழில்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் துணைப் பொறுப்பாளர் நியமனமான செய்தியைப் படித்தவள், "இந்த மாதிரி வேலைக்குத்தான் போவேன்" என்கிறாள். தாய்மாமனோ, "ஒரு வருஷம் கோச்சிங்ல போட்டு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வைங்க, தேசிய சட்டப் பல்கலைக்கழகம்னாதான் மரியாதை, காசுக்கு நிலத்தை வைங்க" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

ஐயா, நிலத்தில் கை வைக்காதீர்கள். விடுதியோடு ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும் படிப்பு அது. கல்விக் கடன் வாங்கினாலும் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும்.

அவள் ஆசைப்படுவது கோர்ட்டில் வாதாடும் வேலையும் அல்ல. பிரான்ஸில் 2015-ல் வந்த சட்டப்படி, பத்திரம், உயில் எழுதித் தரும் நோட்டேர்களுக்கு எங்கெங்கே புது அலுவலகம் தேவை என்று அந்த ஆணையம் கணக்கிட்டுச் சொல்கிறது. 2016-ல் வந்த முதல் வரைபடத்தில் 247 பகுதிகளில் 1,650 புதிய நோட்டேர்களுக்கு இடமுண்டு என்றது. மக்கள்தொகை, அலுவலக வருமானம் எல்லாம் போட்டுப் பார்க்கிற வேலை அது. நம் நாட்டில் வக்கீல் தொழில் பார் கவுன்சில் கையில் இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் பார்ப்பது சந்தையை.

சிமெண்ட் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 நவம்பர், டிசம்பரில் ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன, அடுத்த இரண்டு மாதத்தில் விலை ஏறியது. ஆலைகள் கூடிப் பேசி விலையை ஏற்றின என்பதற்கு இதையும் சேர்த்துக் காட்டித்தான் 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம் 6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. ஆனால் வாதத்தைக் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டிருந்தார் என்று 2015-ல் மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. மறுபடி விசாரித்து 2016-ல்தான் மீண்டும் அபராதம் விதித்துப் புது உத்தரவு வந்தது. கணக்கு நின்றது, சட்ட நடைமுறை சறுக்கியது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஆளுக்கு மதிப்பு.

அதனால் மதுரையிலேயே மூன்றாண்டு பி.ஏ. பொருளியல், பிறகு மதுரை அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. ஐந்தாண்டு சட்டப் படிப்பைவிட ஓராண்டு கூடும், கூடட்டும். கலைக் கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவில் இடம் கேளுங்கள். சுயநிதிப் பிரிவில் அதே பாடத்துக்குக் கட்டணம் பல மடங்கு.

சறுக்கும் இடம் கணக்குதான். அவள் வணிகக் கணிதம் எடுக்காமல் கணினிப் பயன்பாடு எடுத்திருந்தால், பட்டப் படிப்பில் வகைக்கெழு வந்ததும் திணறுவாள். இந்த விடுமுறையில் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் வகைநுண்கணிதம், ஒட்டுறவு, தொடர்புப் போக்கு பாடங்களின் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போடட்டும். கல்லூரியில் புள்ளியியல் தாளை ஒப்புக்கு எழுதித் தள்ளக் கூடாது. எக்செல்லில் ஐந்து வருட மஞ்சள் விலையை வைத்துத் தானே கிராஃப் போடத் தெரிய வேண்டும். சட்டக் கல்லூரி இடம் பட்டப் படிப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே கிடைக்கும். அரியர் விழுந்தால் சதவீதமும் போகும், வருஷமும் போகும்.

இந்தியப் போட்டி ஆணையத்தில் பணியிடங்கள் குறைவு, தலைமையகம் டெல்லி. சென்னையில் 2021-ல் மண்டல அலுவலகம் திறந்தார்கள். மாணவர்களுக்கு ஆணையம் தரும் ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு எல்.எல்.பி. படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வேலை அங்கே கிடைக்காவிட்டாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வணிக வழக்கு பார்க்கும் மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர முடியும்.

இதையெல்லாம் கேட்டும் மாமன் விடவில்லை என்றால், மகளையே பேச விடுங்கள். படிக்கப் போகிறவள் அவள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உதவிபெறும் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், ஐயா.